பெரிய ஆலையின் அம்பர் ஏல்

பெரிய பீர் கம்பெனி ஒன்று திடீரென்று அம்பர் ஏல் போட்டால், குடிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி மூடியைத் திறக்கும் முன்பே முகம் சுளிக்கும். மற்றொன்று "அட, அவங்க போட்டதுன்னே சொல்ல முடியலையே" என்று வியந்து, அந்த வியப்புக்கென்றே நாலு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிடும். இரண்டாவது கட்சியிடம் எனக்குப் பயம் அதிகம். வெறுப்பை அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்துவிடலாம். தாராள மனசு தன்னை நியாயம் என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு பீரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: பட்வைசர் அமெரிக்கன் ஏல். இன்று அது கடையில் கிடைக்காது. ஆனாலும் பெரிய ஆலை அம்பர் ஏலில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இங்கே சொல்லும் முறையை எந்தப் பெரிய கம்பெனியின் அம்பருக்கும் அப்படியே பொருத்தலாம்.

பட்வைசர் 1876-இல் வந்தது. மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரின் அன்ஹைசர்-புஷ் ஆலை, அரிசி சேர்த்துக் காய்ச்சிய வெளிர் லாகராகவே அதை விற்று அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்திருந்தது. 2008 செப்டம்பரில்தான் பட்வைசர் என்ற பெயரில் முதல் ஏல் வந்தது. 5.3 சதவீத ஆல்கஹால், கேரமல் மால்ட், நொதித்தல் முடிந்த பீரில் காஸ்கேட் ஹாப்ஸை ஊறவிட்டு வாசனை ஏற்றிய பீர். அதே ஆண்டு ஜூலையில்தான் பெல்ஜியத்தைத் தலைமையகமாகக் கொண்ட இன்பெவ், சுமார் 5,200 கோடி டாலருக்கு அன்ஹைசர்-புஷ்ஷை வாங்க ஒப்பந்தம் போட்டது. நவம்பரில் கை மாறியது. ஆக, பெயரிலேயே 'அமெரிக்கன்' என்று போட்டுக்கொண்ட பீர், கம்பெனி அமெரிக்கர் கையை விட்டுப் போகிற அந்த இடைவெளியில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அதை நிறுத்தியும் விட்டார்கள்.

எதை எதிர்பார்க்க வேண்டும்

அமெரிக்க அம்பர் ஏல், அங்குள்ள பேல் ஏலின் உடன்பிறப்பு. 1980-களில் கலிபோர்னியா, ஓரிகன் பக்கத்துச் சின்ன ஆலைகளில் வளர்ந்தது. பேல் ஏலில் ஹாப்ஸ் முன்னே நிற்கும். அம்பரில் கேரமல் மால்ட் அதன் தோளோடு தோள் நிற்க வேண்டும். கேரமல் மால்ட் என்பது ஈரம் காயாத முளைப் பார்லியை உருளையில் போட்டுச் சூடாக்கிச் செய்வது. தோலுக்குள்ளேயே மாவு சர்க்கரையாகி, பிறகு வறுபட்டுப் பாகாக இறுகும். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதனால்தான் நொதித்து முடிந்த பிறகும் அம்பரில் இனிப்பும் கனமும் தங்குகின்றன.

வட அமெரிக்காவில் பீர் போட்டி நடுவர்கள் பெரும்பாலும் பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் விதிகளைப் பின்பற்றுகிறார்கள். அம்பர் ஏலுக்கு அவர்கள் வகுத்த எல்லை இது: ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு 25 முதல் 40 ஐ.பி.யு., நிறம் 10 முதல் 17 எஸ்.ஆர்.எம்., அதாவது செம்பொன்னிலிருந்து செம்பு கலந்த பழுப்பு வரை. அமெரிக்க லாகருக்கு அவர்கள் வைத்திருக்கும் கசப்பு எல்லை 8 முதல் 18. இந்த இரண்டு எண் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பெரிய ஆலைக்குத் தலைவலி. லாகர் குடித்துப் பழகிய கோடிக்கணக்கான வாடிக்கையாளரை 12-இலிருந்து 35-க்கு ஒரே இரவில் தூக்கிப் போட முடியாது. ஆகவே அம்பரின் கீழ் எல்லையை ஒட்டி நிறுத்திக்கொண்டு, கேரமல் இனிப்பால் மிச்சத்தைச் சமாளிப்பார்கள். பெரிய ஆலைகள் கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. வகை ஏலை விட்டு அம்பரில் காலை நனைத்ததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

நிறத்தை நம்ப வேண்டாம். கூர்ஸ் கம்பெனி 1981-இல் கொண்டுவந்த கில்லியன்ஸ் ஐரிஷ் ரெட், அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தி ஊரில் மூடப்பட்ட ஓர் ஏல் ஆலையின் மரபைச் சொல்லிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் அது லாகராகவே ஊற்றப்பட்டது. பார்க்க அழகான சிவப்பு. ஏல் என்று எண்ணிக் குடித்தவர்கள் ஏராளம். ஏல் ஈஸ்ட் 15 முதல் 22 டிகிரியில் வேகமாக வேலை செய்து மெல்லிய பழ வாசனையை விட்டுச் செல்லும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதித்து, பின்னால் எந்தத் தடயமும் வைக்காது. நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருவது. எந்த ஈஸ்ட் வேலை செய்தது என்று அது சொல்லாது.

மேசை ஏற்பாடு

முதலில் தேதி. ஹாப்ஸ் வாசனைதான் பாட்டிலில் முதலில் சாகும். சில கம்பெனிகள் ஆலையில் அடைத்த தேதியைப் போடும், சில எப்போதுக்குள் குடிக்க வேண்டும் என்று போடும். எதைப் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் அன்ஹைசர்-புஷ்ஷைக் குறை சொல்ல முடியாது. 1990-களிலேயே 'பிறந்த தேதி' என்று பாட்டிலில் அச்சிட்டு, பட்வைசருக்கு 110 நாள் ஆயுள் என்று விளம்பரமும் செய்த கம்பெனி அது. ஒப்பிடப் போகும் சின்ன ஆலைப் பீர் ஆறு மாதம் வெயில் விழும் அலமாரியில் இருந்தது என்றால், அந்த ஒப்பீட்டைக் கைவிட்டு வேறு நாள் செய்யுங்கள்.

அடுத்து குளிர். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் பனி உறைந்த பாட்டிலை விளம்பரத்தில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 3 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும், வாசனை எழும்பாது. அந்தக் குளிரில் நல்ல அம்பரும் சுமாரான அம்பரும் ஒன்றுபோலவே இருக்கும். வெளியே எடுத்து இருபது நிமிடம் வையுங்கள். 8 முதல் 10 டிகிரி வந்ததும் ஊற்றுங்கள். கிளாஸை உறைபெட்டியில் வைக்கவே கூடாது. உறைந்த பனி உருகி நீர் கலக்கும், நுரையும் கெடும்.

கிளாஸ் வாய் குறுகி, வயிறு சற்றே அகன்றதாக இருந்தால் நல்லது. வைன் கிளாஸே போதும். கழுவிய சோப்பு வாசனை போகப் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். வாசனை சேர இடம் வேண்டும்.

மேசையில் மூன்று பீர் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒன்று, சோதிக்கப் போகும் அம்பர். இரண்டு, அந்த வகைக்குப் பெயர் பெற்ற ஓர் அம்பர். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுவார்கள்: அதே பெரிய கம்பெனியின் வழக்கமான லாகர். இந்த மூன்றாவது கிளாஸ் இல்லாமல், ஆலை தன் வீட்டை விட்டு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று தெரியாது. நடந்த தூரத்தைத்தான் முக்கியமாக அளக்கப் போகிறோம்.

இரண்டாவது பீரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. பலரும் ஃபேட் டயரைச் சொல்வார்கள். கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலை 1991-இல் அதைக் கொண்டே கடை திறந்தது. 2008-இல் ஒப்பிட அதுவே சரியான பீர். ஆனால் 2023-இல் அதை வெளிர் பொன்னிற ஏலாக மாற்றிவிட்டார்கள். பழைய ஒப்பீட்டுக் குறிப்புகளை இன்றைய பாட்டிலுக்குப் பொருத்தாதீர்கள். அலாஸ்கன் அம்பர் அருமையான பீர், ஆனால் பெயரில்தான் அம்பர். அது ஜெர்மனியின் ஆல்ட் வகை, இங்கே உதவாது. மிச்சிகனின் பெல்ஸ் அம்பர் கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நியூ பெல்ஜியம் 2019-இலும் பெல்ஸ் 2021-இலும் ஜப்பானின் கிரின் குழுமத்துக் கைக்குப் போய்விட்டன. 'சின்ன ஆலை' என்று மதிப்போடு ஒப்பிட எடுத்து வைக்கும் பாட்டிலுக்கும் பின்னால் ஒரு பெரிய கம்பெனி நிற்கிறது. லேபிளை மறைத்துவிட்டுச் சுவைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைப்பது எப்படி? வேறொருவர் பக்கத்து அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். இன்னும் கறாராகச் செய்ய, முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், ஒருமுறை கண்டுபிடித்ததை வைத்துப் பெருமைப்பட முடியாது. ஐந்து முறையும் சரி என்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க 243-இல் ஒரு வாய்ப்புதான். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது நிறமுள்ள கிளாஸில் ஊற்றுங்கள்.

அளவு விஷயத்தில் மறுபேச்சு வேண்டாம். ஒவ்வொன்றிலும் 60 முதல் 90 மில்லி போதும். வைன் நடுவர்கள் துப்புவார்கள். பீர் நடுவர்கள் விழுங்குவார்கள், கசப்பு நாக்கின் பின்பகுதியையும் தொண்டையையும் தொட்ட பிறகே முழுதாகத் தெரியும் என்பதால். அதனாலேயே பீர் மேசையில் கணக்கு சீக்கிரம் எகிறும். சுவைத்த நாளில் வண்டி ஓட்டாதீர்கள். நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும், உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ இருக்கட்டும். மிக்சர், மிளகாய் பஜ்ஜி எல்லாம் வேலை முடிந்த பிறகு.

மூக்கு

ஊற்றிய உடனே மோந்து பாருங்கள். வாசனைகளில் சில முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக மோந்து, ஒரு வார்த்தையாவது எழுதிவிட்டுக் கிளாஸைக் கீழே வையுங்கள். மூக்கு ஒரே வாசனைக்குச் சீக்கிரம் பழகிச் சோர்ந்துவிடும். பிறகு உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, மறுபடி மோந்து பாருங்கள்.

அம்பரில் தேட வேண்டியவை இரண்டு. முதலாவது பாகு வாசனை. நல்ல மால்ட்டானால் அதன் அடியில் ரொட்டி மேலோட்டின் வறுபட்ட மணமும் இருக்கும். இரண்டாவது ஹாப்ஸ். காஸ்கேட் என்பது ஓரிகனில் வளர்த்தெடுக்கப்பட்டு 1972-இல் வெளியிடப்பட்ட ரகம். அமெரிக்கப் பேல் ஏலுக்கு முகம் கொடுத்ததே அதுதான். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளினால் வருகிற அந்தக் காரமான எண்ணெய் மணம், கூடவே கொஞ்சம் பூ. பெரிய ஆலையின் அம்பரில் இந்த மணம் இருக்கிறதா என்பதைவிட, தேடாமல் வருகிறதா என்று பாருங்கள். ஹாப்ஸ் ஊறவைத்ததாக லேபிளில் எழுதியிருந்தும் நீங்கள் மூன்றாவது முறை மோந்துதான் அதைப் பிடித்தீர்கள் என்றால், எழுதிக்கொள்ளுங்கள்: கூச்சம்.

குறைகளையும் தேடத்தான் வேண்டும். வெண்ணெய் வாசனை, பச்சை ஆப்பிள், வேகவைத்த மக்காச்சோளம், நனைந்த அட்டைப்பெட்டி. முதல் மூன்றும் காய்ச்சலிலும் நொதித்தலிலும் நேர்ந்த பிழைகள். கடைசியது காற்றுப் பட்டுப் பழசானதன் அடையாளம். பச்சை அல்லது வெள்ளைக் கண்ணாடி பாட்டில் வெளிச்சத்தில் கிடந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும்.

பெரிய ஆலைகளின் பீரில் இந்தக் குறைகள் அபூர்வம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளிர் லாகரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. சின்னப் பிழையும் வெளியே தெரியும். அதை 12 ஆலைகளில் ஒரே சுவையாகக் காய்ச்சிய கம்பெனி 2008-இன் அன்ஹைசர்-புஷ். அந்தக் கைத்திறனை மதிக்காமல் பேசுகிறவரின் தீர்ப்பை நான் கேட்பதில்லை. அதே நேரம், குறை இல்லாததற்கு மட்டும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பதும் தப்பு. சுத்தம் நுழைவுச்சீட்டு மட்டுமே. உள்ளே வந்த பிறகு பீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாய்

ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். சுவை வரிசையாக வரும்: முதலில் இனிப்பு, நடுவில் தானியம், கடைசியில் கசப்பு, விழுங்கிய பிறகு எஞ்சி நிற்பது. பெரிய ஆலையின் அம்பரில் முதல் பகுதி எப்போதுமே நன்றாக இருக்கும். பாகு இனிப்பு கேட்காமலே வந்து உட்காரும். நடுப்பகுதியில்தான் சாயம் வெளுக்கும். அங்கே வறுவல், ரொட்டி, ஏல் ஈஸ்ட்டின் பழச்சாயல் என்று அடுக்கடுக்காக ஏதாவது வர வேண்டும். ஒன்றும் வராமல் இனிப்பு அப்படியே மெலிந்து போனால் நடு காலி என்று பொருள்.

கடைசிப் பகுதியில் கசப்பு வந்து இனிப்பைத் துடைக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் அடுத்த வாய், முந்தைய வாயின் இனிப்பு மேலே ஏறி உட்காரும். முதல் இரண்டு வாயில் இது இதமாகத் தெரியும். அதனால்தான், சின்னக் கிளாஸ் சோதனை முடிந்த பிறகு வேறொரு நாள் அதே பீரை ஒரு முழு கிளாஸ் உட்கார்ந்து குடித்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிக் கிளாஸுக்கு மேல் திகட்டினால் கசப்பு போதவில்லை. திகட்டவும் இல்லை, எதுவும் நினைவிலும் இல்லை என்றால் பீரை எளிதாகக் குடிக்கும்படி மட்டும் செய்திருக்கிறார்கள்.

வாயில் கனத்தையும் கவனியுங்கள். அம்பர் நடுத்தரக் கனமாக இருக்க வேண்டும். லாகர் ஆலைகளின் பழக்கம் வாயுவைச் சற்றுத் தூக்கலாக ஏற்றுவது. நாக்கைக் குத்தும் வாயு கனத்தையும் மால்ட்டையும் மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் கிளாஸைச் சுழற்றி வாயுவைக் கொஞ்சம் விரட்டிவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். அப்போது பீர் தண்ணீராகத் தெரிந்தால், அதுவரை நீங்கள் உணர்ந்த உடம்பு வாயு கொடுத்தது.

இப்போது அதே கம்பெனியின் லாகரை ஒரு வாய் குடித்துவிட்டு அம்பருக்குத் திரும்புங்கள். நான் மேலே பிடிவாதமாகக் கேட்ட மூன்றாவது கிளாஸின் உபயோகம் இங்கேதான். முடிவு, பின்சுவை, தொண்டையில் இறங்கும் விதம் மூன்றும் லாகரைப் போலவே இருந்தால், நிறமும் பாகும் சேர்ந்த லாகர் மனசுதான் அந்த ஏலுக்குள் இருக்கிறது.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். கம்பெனிகள் அதிகம் செலவழிப்பது அங்கேதான். 30 முதல் 37 வரை மிக நன்று, 38-க்கு மேல் உயர்தரம், 45-ஐத் தாண்டுவது அபூர்வம். 21-க்குக் கீழே போனால் ஏதோ பிழை இருக்க வேண்டும்.

பெரிய ஆலை அம்பருக்கு மதிப்பெண் போடும்போது கடைசிப் பத்தில்தான் கை தடுமாறும். "அவங்களுக்கு இது பரவாயில்லை" என்ற எண்ணம் அங்கேதான் நுழையும். அந்த 'அவங்களுக்கு' என்பதை அடித்துவிட்டு எழுதுங்கள். விலையையும் அங்கே சேர்க்காதீர்கள். ஆறு பாட்டில் என்ன விலை என்பது கடைக்குப் போகும்போது உதவும் தகவல். அதைத் தாளின் ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள்.

பட்வைசர் அமெரிக்கன் ஏலுக்கு என் கணக்கு: வாசனை 7, தோற்றம் 3, சுவை 12, வாயுணர்வு 3, ஒட்டுமொத்தம் 6. கூட்டினால் 31. அழகான செம்பு நிறம், நிற்கும் நுரை, ஒரு குறையும் இல்லாத சுத்தம். காஸ்கேட் இருந்தது, ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டது. பாகு இனிப்பு முன்னே வந்தது. அதைத் துடைக்கக் கசப்பு வரவில்லை. அம்பர் வகைக்குள் நிச்சயம் அடங்கும் பீர், அதன் கீழ்ப்படியில். லாகர் மட்டுமே கிடைக்கும் விமான நிலையக் கடையிலோ விளையாட்டு மைதானத்திலோ இது இருந்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். நல்ல அம்பர் ஊற்றும் கடையில் கேட்டிருக்க மாட்டேன்.

ஆலையும் ஏறக்குறைய அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். 2011-இல் அன்ஹைசர்-புஷ் இன்பெவ், சிகாகோவின் கூஸ் ஐலண்டை 3.88 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு அவர்கள் கையில் நல்ல ஏல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பட்வைசர் என்ற பெயர் மட்டும் இல்லை.